மாடிப்படித் திருப்பத்தில் சாத்திய மடக்கு ஏணி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நிறுவனத்தின் மூன்று மாடிக் கட்டடத்தில், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடைப்பட்ட மாடிப்படித் திருப்பத்தில், முற்பகல் 11.40 மணியளவில் மின்பணியாளர் ஒருவர் ஏணியோடு சரிந்து விழுந்தார். அப்போது அவருடைய பாதங்கள் தரையிலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தன. இடது குதிகால் எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன. மூன்று மாதங்களுக்கும் மேலாக அவரால் வேலைக்குத் திரும்ப இயலவில்லை. 1.4 மீட்டர் என்பது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் அந்த உயரத்திலிருந்து விழுபவர் அரை நொடியில் தரையைத் தொடுகிறார். தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். கையை நீட்டிப் பிடிப்பு தேடுவதற்கு அந்த அரை நொடி போதாது.

பராமரிப்புப் பிரிவின் பாதுகாப்புப் பொறுப்பு என்னிடம் இருந்ததால், ஆய்வும் என் கைக்கே வந்தது. விபத்துக்கு வழிவிட்டவற்றுள் நான் வகுத்த படிவம் ஒன்றும் இருந்தது; எனவே இந்த ஆய்வை வேறொருவர் செய்திருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்தப் படிவத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அன்று மாலையே எழுதப்பட்ட முதல் அறிக்கை இரண்டே வரிகளில் முடிந்திருந்தது: ஏணி சறுக்கியது, பணியாளர் கவனமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பரிந்துரையாகப் புதிய ஏணி ஒன்று வாங்க வேண்டும் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. பணியாளரின் கவனக்குறைவே காரணம் என்றால் புதிய ஏணி எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் இருந்த இந்த முரண்தான் ஆய்வைத் தொடங்கி வைத்தது.

ஏணியின் நிலை

ஏணி உடையவில்லை. அது 1.8 மீட்டர் உயரமுள்ள அலுமினிய மடக்கு ஏணி. எடை 6 கிலோ. மேல் தட்டோடு சேர்த்து 6 படிகள், படிக்குப் படி 30 சென்டிமீட்டர் இடைவெளி. பக்கக் கால்கள் நேராக இருந்தன. படிகள் இணையும் இடங்களில் தளர்வோ வெடிப்போ இல்லை. விரிந்த நிலையில் கால்களைப் பூட்டும் கம்பிகள் ஒழுங்காக வேலை செய்தன. அடியிலுள்ள நான்கு ரப்பர் புஷ்களில் ஒன்று மட்டும் ஓரம் தேய்ந்திருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த முத்திரை, ஏணி தாங்கும் எடை 150 கிலோ என்றது. விழுந்தவரின் எடை 74 கிலோ. கையிலிருந்த டிரில்லிங் மெஷின் 3 கிலோ.

தாங்கும் எடையைப் பற்றி இங்கே ஒரு சொல். ஏணி வாங்கச் செல்பவர்கள் முதலில் கேட்பதும், பல நேரங்களில் அது ஒன்றையே கேட்பதும் இந்த எடையைத்தான். ஐரோப்பியத் தரத்தில் அது 150 கிலோ. அமெரிக்கத் தரத்தில் 3ஆம் வகை ஏணிக்கு 91 கிலோவில் தொடங்கி, 102, 113, 136 என ஏறி, 1ஏஏ வகைக்கு 170 கிலோ வரை செல்கிறது. ஆள், உடை, கருவி, பொருள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். இது அவசியமான தகவல்தான். ஆனால் ஏணி முறியுமா என்ற கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. ஏணி சறுக்குமா, சாயுமா, அதில் நிற்பவரின் கை வேலையைச் சென்றடையுமா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. நம் நிகழ்வில் எடைக் கணக்கு ஏறக்குறைய பாதியை மிச்சம் வைத்தே தேறியது.

காலையில் ஒரு வேலை, முற்பகலில் வேறொரு வேலை

அன்றைய வேலைச் சீட்டில் எழுதியிருந்தது, முதல் மாடி நடைபாதையின் கூரையில் உள்ள நான்கு விளக்குகளை மாற்றும் பணி. கூரையின் உயரம் 2.9 மீட்டர். மின்பணியாளரும் உதவியாளரும் 9.20 மணிக்குத் தொடங்கினார்கள். அந்த வேலைக்கு அவர்கள் எடுத்துச் சென்ற ஏணி உயரத்தளவில் பொருத்தமானதே. 1.8 மீட்டர் மடக்கு ஏணியில் மேல் தட்டின் மீதும் அதற்கு அடுத்த படியின் மீதும் நிற்கக் கூடாது. எனவே நிற்கத்தக்க மிக உயர்ந்த படி 1.2 மீட்டரில் இருக்கிறது. விழுந்தவரின் உயரம் 1.68 மீட்டர். அவர் விரல்களை முழுவதும் மேலே நீட்டினால் பாதத்திலிருந்து ஏறத்தாழ 2.1 மீட்டரைத் தொடுவார். ஆனால் முழங்கை சற்று மடங்கிய நிலையில், கருவியைப் பிடித்துக்கொண்டு வசதியாக வேலை செய்யக்கூடிய உயரம் 1.85 மீட்டர் அளவுதான். 1.2 மீட்டரும் 1.85 மீட்டரும் சேர்ந்தால் 3.05 மீட்டர், கூரையோ 2.9 மீட்டர். நடைபாதை அகலமானது, தரை சமமானது, விளக்கை மாற்றும் வேலையில் பக்கவாட்டு விசை இல்லை. நான்கு விளக்குகளும் 11 மணிக்குள் மாற்றப்பட்டுவிட்டன.

மின்வேலைக்கு அலுமினிய ஏணி எடுத்துச் சென்றது தவறு. அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்கும் ஃபைபர் கிளாஸ் ஏணி கடத்தாது. மர ஏணி நன்றாக உலர்ந்திருக்கும்வரை மட்டும் அந்தப் பாதுகாப்பைத் தரும். அன்று மின்சுற்றைத் துண்டித்துவிட்டே வேலை செய்தார்கள் என்பதால் அந்தத் தவறு விளைவு எதையும் உண்டாக்கவில்லை. இந்த விபத்தோடு அதற்குத் தொடர்பும் இல்லை. ஆயினும், ஃபைபர் கிளாஸ் ஏணி நிறுவனத்தில் இருந்தும் ஏன் எடுக்கப்படவில்லை என்று விசாரித்தபோது கிடைத்த விடை குறிப்பிடத்தக்கது. 2.4 மீட்டர் உயரமுள்ள அந்த ஏணி ஜெனரேட்டர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி வேறொருவரிடம் இருந்தது. மேலும் அது லிஃப்டுக்குள் நுழையாது. 1.8 மீட்டர் ஏணியோ ஒரு கையால் தூக்கத்தக்கது, லிஃப்டில் நிற்கும். ஆறு மாத வேலைச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஏணி தேவைப்பட்ட வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அந்தச் சிறிய ஏணியே போயிருந்தது. அதாவது, பெரும்பாலான நாட்களில் ஏணியைத் தேர்ந்தெடுத்தது லிஃப்டின் உயரம்தான்.

11.15 மணிக்கு வேலை மாறியது. கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், மாடிப்படித் திருப்பத்தில் கழற்றப்பட்டிருந்த எமர்ஜென்சி விளக்குக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்திவிடும்படி வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது. புதிய வேலைச் சீட்டு எழுதப்படவில்லை. பழைய விளக்கின் கம்பி சுவரில் 3.3 மீட்டர் உயரத்தில் வெளியே வந்திருந்தது. புதிய விளக்கின் தாங்கி வேறு அளவுடையது என்பதால், சுவரில் புதிதாக இரண்டு துளைகள் இட வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் விளக்கு மாட்டும் வேலைதான். ஆனால் ஏணியின் கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. நடைபாதையில் கை மேல்நோக்கி வேலை செய்தது. இங்கே சுவரை நோக்கி அழுத்த வேண்டும். அங்கே நான்கு பக்கமும் தாராளமான இடம், இங்கே 1.2 மீட்டர் ஆழமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள திருப்பம், அதன் விளிம்பில் கீழிறங்கும் படிகள். அங்கே பாதம் 1.2 மீட்டரில் இருந்தால் போதும்; இங்கே 1.45 மீட்டர் தேவை. இந்த மூன்று மாற்றங்களும் ஒருசேர நிகழ்ந்திருக்க, ஏணி மட்டும் மாறவில்லை. “ஏணி கையிலேயே இருந்துச்சு சார். கீழ போயி வேற ஏணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வேலையே முடிஞ்சிரும்னு நெனச்சேன்” என்று அவர் பிறகு சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு துளைகள், இரண்டு ராவல் பிளக், இரண்டு திருகுகள்; தடை நேராமலிருந்தால் 15 நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலைதான்.

ஏன் மடக்கிச் சாத்தினார்

மடக்கு ஏணியை மடக்கிய நிலையிலேயே சுவரில் சாத்தி ஏறக் கூடாது என்பது பல ஏணிகளின் முத்திரையில் படத்தோடு அச்சிடப்பட்டிருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் செய்தார் என்ற கேள்விக்கு, அந்தத் திருப்பத்தில் நானே ஏணியை விரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது.

விரித்த ஏணி முன்னும் பின்னுமாக 1.1 மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சுவரைப் பார்த்து ஏற வேண்டுமானால் பின்கால்கள் சுவரோரமும், படிகள் உள்ள முன்கால்கள் திருப்பத்தின் விளிம்பிலும் அமைய வேண்டும். அப்படி வைத்தால் ஏறுபவருக்குப் பின்னால் மீதமிருக்கும் தரை 10 சென்டிமீட்டர் மட்டுமே. அதற்கப்பால் படிகள் இறங்குகின்றன. ஏணியில் கால் வைக்கவே முதலில் படிக்கட்டிலிருந்து எட்டி ஏற வேண்டும். இதை எந்த அனுபவசாலியும் செய்ய மாட்டார், அவரும் செய்யவில்லை.

ஏணியைத் திருப்பி, சுவருக்கு இணையாக விரிப்பது இரண்டாவது வழி. 2.4 மீட்டர் அகலத்தில் அது தாராளமாக நிற்கிறது. ஆனால் அப்போது சுவர் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. உடலைத் திருப்பிப் பக்கவாட்டில் துளையிட வேண்டும். இந்த ஏணியின் அடிப்பக்க அகலம் 54 சென்டிமீட்டர். நடுவில் நிற்பவரின் எடை எந்தப் பக்கக் காலிலிருந்தும் 27 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆளும் கருவியும் ஏணியுமாக 83 கிலோ. 3.3 மீட்டர் உயரத்தில் சுவரை அழுத்தும்போது சுவர் திருப்பித் தள்ளும் விசை 7 கிலோ எடையளவை எட்டினால், உடல் சுவரை நோக்கிச் சாயாத நிலையில், சுவர்ப் பக்கக் கால்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். ஹேமர் டிரில்லில் கெட்டியான சுவரைத் துளைக்க இயல்பாக அழுத்துவது 15 கிலோ அளவுக்கு வரும். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு வழிகாட்டுதல், செங்கல், கான்கிரீட் போன்ற திடமான பொருள்களை மடக்கு ஏணியில் நின்று பக்கவாட்டில் துளையிடுவதைத் தவிர்க்கும்படி பெயர் சொல்லியே குறிப்பிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கணக்குப் போடாமலேயே அவருடைய உடல் இதை அறிந்திருந்தது: அவர் முதலில் அப்படி விரித்து இரண்டு படி ஏறி, ஆட்டம் கண்டதும் இறங்கிவிட்டார் என உதவியாளர் சொன்னார்.

ஆகவே மூன்றாவது வழி மிஞ்சியது. ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினால் சுவரைப் பார்த்தே நிற்கலாம். பின்னால் தரையும் இருக்கும். இரண்டு ஆபத்துகளைச் சரியாகக் கண்டு விலக்கிய ஒருவர், அந்த விலக்கலின் முடிவில் மூன்றாவது ஆபத்தில் போய் நின்றார். கவனக்குறைவு என்ற சொல் இந்த இடத்தில் பொருந்தாது என்பது என் கருத்து.

சறுக்கிய கணம்

ஏணியின் பக்கக் கால் நீளம் 1.9 மீட்டர். தரையில் பதிந்திருந்த கீறல்களிலிருந்து, அடிப்பகுதி சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இது ஏறத்தாழ 65 பாகைச் சாய்வு. சாத்தும் ஏணிக்கு உகந்த சாய்வு 75 பாகையை ஒட்டியது. நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு விலகல் என்று நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் அடிப்பகுதி சுவரிலிருந்து 48 சென்டிமீட்டரில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கி வைத்தால் துளையிடும்போது பின்னால் சாய்ந்துவிடும் என்று அஞ்சியே சற்றுத் தள்ளி வைத்ததாக அவர் விளக்கினார். அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. ஏன் என்பதைக் கணக்கு காட்டுகிறது.

ஐந்தாம் படியில் வெறுமனே நிற்கும்போது, 65 பாகைச் சாய்வில் ஏணியின் அடி வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 32 கிலோ எடையளவு. தரையை அழுத்தும் எடை 83 கிலோ. தரை கொடுக்க வேண்டிய பிடிமானம் இவற்றின் விகிதம், அதாவது 0.38. உகந்த சாய்வில் இது 0.2 ஆகக் குறைந்திருக்கும். திருப்பத்தின் தரை மெருகேற்றிய கிரானைட். விபத்துக்குப் பிறகு அதே ஏணியின் அடியில் 20 கிலோ எடையை ஏற்றி, வில் தராசால் இழுத்துப் பார்த்தோம். துடைத்த தரையில் 11 கிலோ இழுப்பில்தான் நகர்ந்தது. துளையிட்ட சுவர்த்தூள் படிந்த தரையிலோ 8 கிலோவிலேயே நகர்ந்துவிட்டது. பிடிமானம் முறையே 0.55, 0.40. முதல் துளையைத் துடைத்த தரையில் ஏணியை வைத்து இட்டார். பிறகு இறங்கி, ஏணியை 15 சென்டிமீட்டர் நகர்த்தி, தூள் படிந்திருந்த இடத்தில் வைத்து மீண்டும் ஏறினார். 0.38 தேவை, 0.40 இருப்பு. நூலிழையில் நின்றது.

இனி வருவதை நானும் கணக்குப் போட்ட பிறகே அறிந்தேன். டிரில்லை 15 கிலோ விசையோடு சுவரில் அழுத்தும்போது, சுவர் அவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதனால் ஏணியின் தலைப்பகுதி சுவரின் மேல் சாய்ந்திருக்கும் பாரம் வெகுவாகக் குறைந்து, 3 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அழுத்தம் 16 கிலோவைத் தாண்டியிருந்தால் ஏணியின் தலை சுவரை விட்டே பிரிந்திருக்கும். அதே வேளையில் அடிப்பகுதிக்குத் தேவையான பிடிமானம் 0.38-லிருந்து 0.21 ஆகக் குறைகிறது. அதாவது அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஏணி, கால் பக்கத்தில் உறுதியாகவும் தலைப் பக்கத்தில் ஏறக்குறைய மிதந்துகொண்டும் இருந்தது. ஏணியில் நிற்பவருக்கு அது உறுதியாக இருப்பதாகவே தோன்றும்.

சுவர் ஹாலோ பிளாக் கற்களால் கட்டப்பட்டது. இரண்டாவது துளையின்போது, கல்லின் கெட்டியான முகத்தைத் துளைத்து முடித்த டிரில் முனை உள்ளேயிருந்த வெற்றிடத்துக்குள் சட்டென்று புகுந்தது. எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த சுவர் மறைந்தது. முன்னோக்கி அழுத்திக்கொண்டிருந்த உடல், ஏணியோடு சேர்ந்து சுவரை நோக்கி விழுந்தது. 0.21-இல் இருந்த தேவை ஒரே கணத்தில் 0.38-க்கு ஏறியதோடு, விழுந்த உடலின் வேகமும் அதன்மேல் சேர்ந்தது. 0.40 தாங்கவில்லை. அடிப்பகுதி வெளிநோக்கிச் சறுக்கியது. அதற்குப் பின்னால் இருந்தது 40 சென்டிமீட்டர் தரை மட்டுமே. அதைக் கடந்ததும் ஏணியின் கால்கள் படிக்கட்டின் விளிம்பைத் தாண்டிவிட்டன. உதவியாளர் அப்போது திருகுகள் எடுக்கக் கீழே போயிருந்தார். அவர் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் தடுத்திருப்பாரா என்று பலரும் கேட்டார்கள். தடுத்திருக்கலாம், அல்லது படிக்கட்டில் இருவருமாக உருண்டிருக்கலாம். விளிம்பில் நின்று பிடிக்கும் ஒருவரை நம்பி ஏணியைத் தேர்ந்தெடுப்பது முறையல்ல என்பதால் அந்தக் கேள்வியை நான் மேலும் துருவவில்லை.

மடக்கிய ஏணியின் வடிவமும் இதில் துணை போயிருக்கிறது. விரித்த நிலையில் தரையோடு தட்டையாகப் பொருந்துமாறு வெட்டப்பட்ட ரப்பர் புஷ்கள், மடக்கிச் சாத்தும்போது ஓரத்தால் மட்டுமே தரையைத் தொடுகின்றன. படிகளும் கிடைமட்டமாக இல்லாமல் சரிந்து நிற்கின்றன.

சரியாகச் சாத்தியிருந்தால்?

முதல் அறிக்கையைப் படித்த மேற்பார்வையாளர் ஒருவர், உகந்த சாய்வில் சாத்தத்தக்க முறையான ஏணியைக் கொடுத்திருந்தால் விபத்து நடந்திராது என்று வாதிட்டார். சறுக்கலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி: 0.2 தேவைக்கு 0.40 தாராளம். ஆனால் அந்தச் சாய்வில் நிற்பவரின் எடை ஏணியின் அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கும் (65 பாகையில் அது 67 சென்டிமீட்டர்). ஆகவே 3.3 மீட்டர் உயரத்தில் 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினாலே ஏணியின் தலை சுவரை விட்டுப் பிரியும். சறுக்கல் நீங்கும், பின்சாய்வு வந்துசேரும். மின்பணியாளர் அஞ்சியது இதைத்தான். உடல் சற்று முன்சாய்ந்தால் இந்த எண்கள் மாறும், தலைப்பகுதியைச் சுவரில் கட்டினால் பெரிதும் மாறும். ஆயினும் நிலைமை இதுதான்: சாத்து ஏணியில் நின்று சுவரை வலுவாக அழுத்தும் வேலைக்கு எந்தச் சாய்வும் முழுமையான பாதுகாப்பைத் தரவில்லை. சறுக்காத சாய்வு பின்னால் தள்ளுகிறது, பின்னால் தள்ளாத சாய்வு சறுக்குகிறது. தவறு ஏணியை வைத்த முறையில் தொடங்கவில்லை, ஏணியின் வகையில் தொடங்குகிறது.

வேறு எதைக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பத்துக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். பூட்டியிருந்த 2.4 மீட்டர் ஃபைபர் கிளாஸ் மடக்கு ஏணி பாதத்துக்குத் தேவையான உயரத்தைத் தருகிறது. ஆனால் விரித்தால் 1.2 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கவில்லை. கைப்பிடிச் சட்டமும் நிற்கும் தட்டும் உள்ள மேடை ஏணி ஒன்றைத் தருவித்தோம். துளையிடும் வேலைக்கு அது உண்மையிலேயே நல்ல ஏணி: அடித்தளம் அகலம், எடையும் கூடுதல், நிற்பவர் முன்கால்களிலிருந்து நன்கு உள்ளே தள்ளி நிற்கிறார், இரண்டு கைகளையும் விடலாம். நடைபாதையாக இருந்திருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். திருப்பத்தில் அதுவும் பக்கவாட்டில்தான் நின்றது. கால்களைத் தனித்தனியாக நீட்டிக்கொள்ளும் பன்முக ஏணி படிக்கட்டிலேயே ஒரு காலை ஊன்றி நிற்கிறது. படிக்கட்டில் பல்பு மாற்றவோ வண்ணம் பூசவோ அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அழுத்தித் துளையிட என்றால் மாட்டேன். திருப்பம் முழுவதையும் நிரப்பும்படி குழாய்ச் சாரம் கட்டி, சுற்றிலும் தடுப்புச் சட்டம் போடுவது ஒன்றே எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்தது. ஆனால் இரண்டு துளைகளுக்காக அரை நாள் சாரம் கட்டிப் படிக்கட்டை மூட வேண்டியிருந்தது.

கருவியைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஹேமர் டிரில் என்று பொதுவாக அழைக்கப்படும் சாதாரண அதிர்வு டிரில்லில், துளைப்பதற்கான அழுத்தத்தை ஆளின் கைதான் கொடுக்கிறது. ரோட்டரி ஹேமரில் உள்ளே இருக்கும் காற்றழுத்த உருளை சுத்தியல்போல் அடித்துக் கொடுப்பதால், கை லேசாகத் தாங்கிப் பிடித்தாலே போதும். அன்று ஸ்டோரில் ரோட்டரி ஹேமர் இருந்தது. ஏணியைத் தேர்ந்தெடுக்கும்போது கருவியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நாங்கள் எவரும் அதுவரை எண்ணியதில்லை.

கேட்கப்படாத கேள்வி

சாரம் கட்டுவதற்கான செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோது, உதவியாளர்தான், “அந்த லைட்டு எதுக்கு சார் அவ்வளவு ஒசரத்துல இருக்கணும்?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. பழைய விளக்கு அங்கே இருந்தது, கம்பி அங்கே வெளியே வந்திருந்தது, அவ்வளவுதான். எமர்ஜென்சி விளக்கு தரையிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருந்தால் வழக்கமான தரங்களுக்குப் போதுமானது. திருப்பத்தின் சுவிட்ச் பெட்டியிலிருந்து குழாய் வழியாகப் புதிய கம்பியை மேலே ஏற்றினால், 2.2 மீட்டரிலேயே விளக்கைப் பொருத்திவிடலாம், 3.3 மீட்டருக்கு எவரும் ஏறவே வேண்டியதில்லை.

எங்கள் நீண்ட கணக்குகளின் முடிவில் இந்த வேலைக்குரிய சரியான ஏணியாக அமைந்தது, 50 சென்டிமீட்டர் உயரமுள்ள, மடங்கும் கால்களையுடைய, 1.2 மீட்டர் நீளப் பலகை மேடை. அதன்மேல் நிற்பவருக்குத் துளையிடும் இடம் தலையின் உயரத்தில் வருகிறது. ஒரு காலைப் பின்னால் ஊன்றி நிற்க இடமிருக்கிறது. ரோட்டரி ஹேமரால் இரண்டு துளைகளும் இடப்பட்டு, குழாயும் விளக்கும் பொருத்தப்பட்டு, வேலை 25 நிமிடங்களில் முடிந்தது.

படிவம்

நான் வகுத்திருந்த வேலைச் சீட்டில் ‘ஏணி தேவையா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆம்’ என்பதில் குறியிட்டால் ஏணிப் பாதுகாப்பு கவனிக்கப்பட்டதாகப் பொருள். எந்த ஏணி என்று அது கேட்கவில்லை. மாறிய வேலைக்குச் சீட்டே எழுதப்படாததால் அந்த ஒரு கட்டம்கூட அன்று பயன்படவில்லை.

இப்போதைய சீட்டில் அந்தக் கட்டம் இல்லை. கை எந்த உயரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று முதலில் எழுதப்படுகிறது, அதிலிருந்து 1.85 மீட்டரைக் கழித்தால் பாதம் நிற்க வேண்டிய உயரம் வருகிறது. ஏணி அந்த எண்ணுக்கே தேடப்படுகிறது, கூரையின் உயரத்துக்கல்ல. (உயரம் குறைந்தவர்களுக்கு இந்தக் கழித்தல் குறையும், அதை அவரவரே கையை உயர்த்தி அளந்து தம் அடையாள அட்டையின் பின்புறம் குறித்துக்கொள்கிறார்கள்.) அடுத்து, விசை எந்தத் திசையில் செல்கிறது என்று கேட்கப்படுகிறது. மேல்நோக்கியோ விசையே இல்லாமலோ இருந்தால் மடக்கு ஏணி. சுவரை நோக்கி அழுத்த வேண்டுமானால் மேடை ஏணி அல்லது சாரம். சாத்து ஏணி, ஏறி இறங்குவதற்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் செய்யத்தக்க சிறு வேலைகளுக்கும் மட்டும். விரிக்கும் இடத்தின் ஆழம், தரையின் தன்மை, அருகில் மின்கம்பி உண்டா என்பவை ஒவ்வொரு வரியில் முடிகின்றன. ஒரே நிலையில் 30 நிமிடத்துக்கு மேல் ஏணியில் நிற்க நேரிடும் வேலைக்கு வேறு சாதனத்தைக் கருத வேண்டும் என்ற பிரிட்டன் வழிகாட்டுதலையும் சேர்த்துக்கொண்டோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சீட்டின் தலைப்பில், வேலையைத் தரையிலிருந்தோ இதைவிடத் தாழ்வான இடத்திலோ செய்ய இயலுமா என்ற உதவியாளரின் கேள்வி அச்சாகியிருக்கிறது. இடமோ கருவியோ விசையின் திசையோ மாறினால் வேலை மாறியதாகவே கொண்டு புதிய சீட்டு எழுத வேண்டும். அவசரத்தில் இது மீறப்படும் என்பதை நான் அறிவேன். சென்ற மாதமும் ஒருமுறை மீறப்பட்டது.

1.8 மீட்டர் ஏணி இன்னமும் புழக்கத்தில்தான் இருக்கிறது. தேய்ந்த புஷ் மாற்றப்பட்டு, ‘நிற்கும் உயரம் 1.2 மீட்டர்’ என்று அதன் பக்கக் காலில் பெரிய எழுத்துகளில் ஒட்டப்பட்டுள்ளது. 2.4 மீட்டர் ஃபைபர் கிளாஸ் ஏணிகள் இரண்டு, வெவ்வேறு மாடிகளில், அந்தந்த மாடியிலேயே சுவர்க் கொக்கிகளில் கிடைமட்டமாகத் தொங்குகின்றன. லிஃப்டில் ஏற்ற வேண்டிய தேவை நீங்கியதும் அவற்றின் பயன்பாடு கூடியிருப்பது பதிவேட்டில் தெரிகிறது. திருப்பத்தின் சுவரில் 3.3 மீட்டர் உயரத்தில் அன்று இடப்பட்ட இரண்டு துளைகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை வண்ணம் பூசச் சாரம் கட்டும்போது அடைக்கப்படும் என்று குறித்து வைத்திருக்கிறோம்.